குடிக்கு ஒரு வாசல், மனதுக்கு ஒரு வாசல்: தம்பியோடு நான் ஏறி இறங்கிய இடங்கள்

14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டால் யார் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள், போலீஸுக்குத் தகவல் போய்விடுமா என்று என் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் மருந்தாளுநர். ஒரு தாலுகா ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு இருக்கிறது: மனம் சில காலம் அளவுக்கு மீறி எழும்பும், சில காலம் அடியோடு சோர்ந்துபோகும். குடிநோயும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த ஒருவரைத் தமிழ்நாட்டில் சிகிச்சைக்கு அழைத்துக்கொண்டு போனால் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தம்பி முழுக்கப் படித்துவிட்டு, "எழுதுக்கா, என் பேரு மட்டும் வேண்டாம்" என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன். நாங்கள் போன மருத்துவமனை, மறுவாழ்வு மையம் எதன் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒரு இடத்தைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாற வேண்டியது மாநில அளவிலான ஏற்பாடு.

முதலில் போன் சேவை. டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அதே மாதம் வந்தது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். நான் கூப்பிட்டது நள்ளிரவு தாண்டி. தம்பி பல இரவுகளாகத் தூங்காமல், வீடு முழுக்கப் புதிதாகப் பெயின்ட் அடிக்கப்போகிறேன் என்று பீரோ, கட்டில் எல்லாவற்றையும் வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்த நேரம். எடுத்த பெண் முதலில் கேட்டது, "மேடம், இப்ப அவர் பக்கத்துல யார் இருக்காங்க?" அடுத்து, தன்னையோ பிறரையோ காயப்படுத்துவதாகச் சொன்னாரா என்று கேட்டார். அப்புறம்தான் தூக்கம், சாப்பாடு, மாத்திரை, குடி. இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. "ஏன் குடிக்கிறார்?" என்று அவர் கேட்கவே இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி அது, பதில் இல்லாத கேள்வி. விளக்கைக் குறைக்கச் சொன்னார், அவரோடு வாதாட வேண்டாம் என்றார், எங்கள் ஊருக்கு மனநல மருத்துவர் வரும் கிழமையைச் சொன்னார். இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்.

போலீஸ் பயம் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதைக் கடையில் யாரிடம் சொன்னாலும் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. மருந்துக்கடை, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம் எல்லா இடத்திலும் ஒட்டி வைக்க வேண்டிய செய்தி இது.

ஐந்தாவது மதிப்பெண்ணை நான் தராததற்கு அந்தப் பெண் காரணம் இல்லை. போதைக்கென்று தனியாக ஒரு எண் இருக்கிறது: 14446. மனநலத்துக்கு 14416, போதைக்கு 14446. முதலாவது சுகாதார அமைச்சகத்துடையது, இரண்டாவது சமூகநீதி அமைச்சகத்துடையது. நடுவில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் பணம் வேறு, ஆட்கள் வேறு, பதிவேடு வேறு, கண்காணிப்பு வேறு. மாநிலத்தில் மது விற்பதோ மூன்றாவது ஒரு துறையின் கீழ். என் தம்பி ஒரே ஆள். குடித்தால் அவனுக்குத் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மனம் எழும்பும், மனம் எழும்பினால் மறுபடி குடிப்பான். எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்க அவனாலேயே முடியாது. அவனை எந்தத் துறையிடம் ஒப்படைப்பது?

எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வாரம் ஒரு காலை மனநல மருத்துவர் வருகிறார். இந்தத் திட்டம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. சின்ன ஊரில் இப்படி ஒரு ஓ.பி. நடப்பதே பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாத்திரை இலவசம். பழுப்புக் கவரில் போட்டு, காலை என்றால் ஒரு கோடு, இரவு என்றால் ஒரு பிறை என்று பேனாவால் வரைந்து கொடுக்கிறார்கள். எழுதப்படிக்கத் தெரியாத அம்மாக்கள் அதைப் பார்த்தே பிள்ளைக்குச் சரியாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் காலை ஏழு மணியிலிருந்து வரிசை. பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டருக்கு ஒருவரிடம் பேச ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அன்று விட்டால் அடுத்த வாரம்தான். கூலி வேலைக்குப் போகிறவர் மாத்திரைக்காக ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும்.

தம்பி சாப்பிடுவது லித்தியம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இருமுனைக் கோளாறுக்குப் பல்லாண்டுகளாக நம்பிக் கொடுக்கப்படும் மருந்து அது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம், தைராய்டும் பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, குடியால் உடம்பில் நீர் வற்றுவது எல்லாம் அந்த அளவை ஏற்றிவிடும். அளவு ஏறினால் கை நடுங்கும், நடை தள்ளாடும், நாக்கு குழறும். அதாவது, குடித்தவன் மாதிரியே இருப்பான். ஒரு வெயில் காலத்தில் தம்பி அப்படித் தள்ளாடிக்கொண்டு வரிசையில் நின்றபோது, "குடிச்சிட்டு வந்தா பார்க்க மாட்டோம், அப்புறம் வாங்க" என்று ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அன்று அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெளிவாகியிருக்கும். அந்தப் பரிசோதனை எங்கள் ஊர் அரசு ஆய்வகத்தில் இல்லை. தனியார் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வெளியூருக்கு அனுப்பி, மறுநாள் முடிவு வாங்கினேன். மருந்து இலவசம், மருந்து நஞ்சாகிறதா என்று பார்க்கும் சோதனை மட்டும் கைக்காசு என்பது எனக்குப் புரியவே இல்லை.

டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர். அவர் சொன்னது, "முதல்ல குடியை நிறுத்திட்டு வரட்டும்மா, அப்புறம் மாத்திரையைச் சரி பண்ணலாம்." மருத்துவக் காரணம் எனக்கும் தெரியும். சரி என்று குடியை நிறுத்தும் மையம் ஒன்றுக்குப் போனோம். அங்கே சொன்னது, "மெண்டல் மாத்திரை சாப்பிடுறவங்களை நாங்க எடுக்கிறதில்லைங்க. முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க." இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுச் சொன்னார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே தெருவில் நின்றோம். இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்று சொல்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்தால் போதும்.

கடைசியில் வேறொரு தனியார் மையம் எடுத்துக்கொண்டது. மூன்று மாதப் பேக்கேஜ், பணம் முன்கூட்டியே. சேர்த்த அன்றே அவனுடைய மாத்திரைப் பையை வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். அதை நான் எழுதியே கொடுத்தேன். "இங்க எல்லாரும் மாத்திரை இல்லாமத்தான் சரியாவாங்க" என்றார் பொறுப்பாளர். முதல் மாதம் பார்க்க விடவில்லை, போனும் இல்லை. பார்க்க விட்ட நாளில் தலையை மொட்டை அடித்திருந்தார்கள், எல்லோருக்கும் அதுதான் வழக்கமாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மனநலச் சிகிச்சையில் இருப்பவருக்குக் கட்டாய மொட்டை கூடாது என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் இந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருகின்றன. ஆகவே "இது போதை மையம், அந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்படிப்பட்ட மையத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டாம் நாள் ராத்திரி இங்கே யார் இருப்பார்கள்?" பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சித்தம் கலங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கலாம். காய்ச்சல், வியர்வை, படபடப்பு. சரியான மருந்து கொடுக்காவிட்டால் உயிரே போகலாம். பகலில் வந்துபோகும் கவுன்சலரை வைத்து இதைச் சமாளிக்க முடியாது. இரவில் நர்ஸ் உண்டா, வலிப்பைத் தடுக்கும் டையசெபாமோ லோராசெபாமோ கையிருப்பில் உண்டா, தயமின் (வைட்டமின் பி1) ஊசி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் இனிக் குடிப்பதில்லை என்று கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்களைப் பற்றியும் எனக்குக் கவலை. சாமிக்குப் பயந்து குடியை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் கயிறு கட்டிய மறுநாள் கை நடுங்க ஆரம்பித்தால், அது சாமி சோதிப்பது இல்லை. மூளைக்கு மது பழகிப்போய், அது இல்லாமல் தவிப்பது. கயிறு கட்டும் பூசாரிகளுக்கே சுகாதாரத் துறை இதைச் சொல்லிக்கொடுத்து, பக்கத்து அரசு மருத்துவமனையின் எண்ணைக் கொடுத்து வைத்தால் எத்தனையோ உயிர் மிஞ்சும். இன்னொரு கூட்டம் கடைக்கு வந்து, "அவருக்குத் தெரியாம சோத்துல கலக்குற மாத்திரை குடுங்க" என்று கேட்கும். பெரும்பாலும் மனைவிமார், கண் கலங்கியபடி. டைசல்ஃபிராம்தான் அது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில்தான் எடுக்க வேண்டும். நான் கொடுப்பதில்லை. ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், வாரம் ஒரு காலை வரும் ஓ.பி.யின் கிழமையைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். அதைத் தவிர எழுத என்னிடம் வேறு எதுவும் இல்லை.

தம்பியின் கதைக்கு வருகிறேன். அந்த மையத்திலிருந்து அழைத்து வந்த பிறகு மறுபடி குடித்தான், மறுபடி தானாகவே நிறுத்தினான், வலிப்பு வந்தது. 108-இல் மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப குடிச்சார்?" என்று கேட்டார். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுவதற்கு முன்னால் தயமின் ஊசி போட்டார். குடிநோயாளிக்கு இந்த வரிசை மாறினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். அந்த நள்ளிரவில், அத்தனை கூட்டத்தில், அவர் அதை மறக்கவில்லை. பணி மருத்துவர் உடனே மனநலப் பிரிவைக் கூப்பிட்டார். மறுநாள் காலை மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் ஒரே கட்டில் பக்கத்தில் நின்று, ஒரே கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். வலிப்புக்கு மருந்து, லித்தியம் அளவு, கல்லீரல் சோதனை, தூக்கம், எல்லாம் ஒரே தாளில். தம்பி விழித்தபோது ஒரு பயிற்சி மருத்துவர் அவனை "அண்ணா" என்று கூப்பிட்டுப் பேசினார். அந்த வார்டுக்கு நான் ஐந்துக்கு ஐந்து தருவேன். கட்டில் பழசு, கழிப்பறை சுமார், கொசு உண்டு. இருந்தாலும் ஐந்துக்கு ஐந்துதான்.

அங்கே நடந்தது ஏன் மற்ற இடங்களில் நடக்கவில்லை? அவனை அங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மாநிலம் முழுக்க அப்படி ஒரே வாசல் வேண்டும். அரசு நடத்தும், பணம் கொடுக்கும், பதிவு செய்யும் எந்த இடமாக இருந்தாலும், "அதைச் சரி பண்ணிட்டு இங்க வாங்க" என்று குடிநோயாளியையும் மனநோயாளியையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அரசாணை வர வேண்டும். குடிக்காக வருகிறவரிடம் மனதைப் பற்றியும், மனதுக்காக வருகிறவரிடம் குடியைப் பற்றியும் அதே நாற்காலியில் கேட்க வேண்டும்.

இதைச் செய்யத் தெரியாத மாநிலம் இல்லை இது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பிறகு 1984-இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. சாந்தி ரங்கநாதன் 1980-இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியபோது குடியை நோயாகப் பார்த்துச் சிகிச்சை தரும் இடங்கள் நாட்டிலேயே அரிது. தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக 1993-இல் தி பான்யன் என்ற அமைப்பு வந்தது. நல்லதற்கும் முன்மாதிரி இங்கேயே இருக்கிறது, கெட்டதற்கும் இங்கேயே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. அந்த 28 பேரை அங்கே விட்டுப்போன குடும்பங்களை நான் கொடியவர்கள் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் சிகிச்சை இல்லாததால் அவ்வளவு தூரம் வந்தவர்கள் அவர்கள். என் அம்மாவும் ஒரு கட்டத்தில் தம்பியை எங்காவது ஒரு கோயிலில் விட்டுவிடலாம் என்று சொன்னார். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இந்த நிலை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரிந்தது. 2019-இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய அறிக்கை, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார் என்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180-க்கு ஒருவர். என் கடை வாசலில் மாலையில் தள்ளாடிப் போகிறவர்களைப் பார்க்கும்போது இந்த 38-தான் ஞாபகம் வருகிறது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2003-இல் சில்லறை மது விற்பனையை அரசு டாஸ்மாக் மூலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24-இல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிவரை நடக்கிறது. எங்கள் ஊரில் மனநல மருத்துவர் வாரத்தில் ஒரு காலை மட்டும் இருக்கிறார். நான் மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகவில்லை, அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அரசு விற்கும்வரை, விற்கும் பணத்தில் ஒரு நிரந்தரப் பங்கைச் சட்டம் போட்டுச் சிகிச்சைக்கு ஒதுக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் தொகையாக அது இருக்கக் கூடாது.

ஆள் இல்லை என்பார்கள், அது உண்மை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. அதனால்தான் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க அரசுகள் பத்து ஆண்டுக்குள் முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018-இல். 2028-இல் கெடு முடிகிறது. மனநல மருத்துவர்கள் படித்து வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கு தரும் அளவுக்குக் குடித்துக்கொண்டிருந்த ஆண்களிடம், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்துச் சில அமர்வுகள் பேச வைத்தார்கள். 2017-இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் குடியை விட்டவர்கள் அதிகம். குடிநோய் முற்றிய என் தம்பி போன்றவர்களுக்கு அது போதாது. முற்றுவதற்கு முன்னால், அவன் சனிக்கிழமை மட்டும் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், யாராவது அப்படி உட்கார்ந்து பேசியிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். நம்மிடம் அதற்கான ஆட்கள் ஏற்கெனவே தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் தெருவுக்கு வரும் பெண் ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு என்ன என்று பெயர் சொல்லிக் கேட்பார். அதே பையில் லித்தியமும் ஒலான்சபின் போன்ற மனநல மாத்திரைகளும் வர வேண்டும். அவருக்கு அதற்கான பயிற்சியும் கூடுதல் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்வதை நம்பி, நாங்கள் கட்டிவந்த பாலிசியைப் புரட்டினேன். விலக்குப் பட்டியலில் 12-ஆவது குறியீடு: குடி, போதைப்பழக்கம், அவற்றின் விளைவுகளுக்கான சிகிச்சை. எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தும் பொதுக் குறியீடு அது. சட்டம் மனநோய் வரையறைக்குள் சேர்த்துக்கொண்ட ஒன்றைப் பாலிசி வெளியே தள்ளிவிடுகிறது. மையத்துக்குக் கட்டிய பணம் அம்மாவின் வளையல். இந்த விலக்கை நீக்கச் சொல்லி மாநில அரசு மத்திய ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதலாம். அதுவரை மாநிலத்தின் சொந்தக் காப்பீட்டுத் திட்டத்திலாவது குடிநோய்ச் சிகிச்சைக்கு முழு இடம் கொடுக்கலாம்.

தம்பி இப்போது குடிக்காமல் இருக்கிறான். லித்தியம் சாப்பிடுகிறான். வாரம் ஒருமுறை ஏ.ஏ. கூட்டத்துக்கு, அதாவது குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடத்தும் கூட்டத்துக்கு, போகிறான், அங்கே காசு கேட்பதில்லை. கடையில் எனக்குச் சரக்கு அடுக்கித் தருகிறான். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. இந்த நோய் திரும்பி வரும் இயல்புடையது. திரும்பினால் போக ஒரு இடம் வேண்டும், அது மாவட்டத் தலைநகர்வரை தூரத்தில் இருக்கக் கூடாது.

எங்கள் ஊருக்காக ஒரு மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கேட்டவை இவை: தாலுகா மருத்துவமனையில் மனநல ஓ.பி. வாரத்தில் மூன்று நாள், அதில் ஒன்று மாலையில். லித்தியம் பரிசோதனை. குடியை நிறுத்துகிறவர்களுக்கென்று இரவில் நர்ஸோடு கூடிய படுக்கைகள். மாவட்டத்தில் உள்ள மறுவாழ்வு மையங்களின் பதிவு விவரம், ஆய்வு அறிக்கையோடு எல்லோரும் பார்க்கும்படி. உங்கள் ஊருக்கு எது இல்லையோ அதை எழுதுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்: அரசு நடத்தும், நிதி தரும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும், குறைந்தபட்சச் சேவை மாவட்டத்தில் இல்லையென்றால் அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் எடுக்கும் சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நோயாளியின் பெயரை எழுதத் தேவையில்லை. நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.